எத்தனை பாடம் எடுக்கலாம்?

பெருமுக்கல்,
வைகாசி மாதம், ஞாயிறு, பகல் பன்னிரண்டு மணி.

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, தங்கள் அக்காள் மகன் தமிழ்மணி வணங்கி எழுதிக்கொள்வது.

இங்கே அப்பா நலம். அம்மா நலம். தங்கை ஆர்த்தி நலம் என்று நினைக்கிறேன், கேட்கவில்லை. மழை இல்லை. மல்லாட்டை பிடுங்கியாயிற்று. நான் மட்டும் நலமில்லை. விழுப்புரத்தில் தாங்களும் அத்தையும் சுகமாகவே இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

ஃபோனில் சொல்லியிருக்கலாம். தாங்கள் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சாப்பிடுவீர்கள். நான் தங்களிடம் கேட்பதற்கு அத்தை பதில் சொல்வார்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரல் வரும். அது சம்மதமா, பார்த்தேன் என்பதா, போதும் நிறுத்து என்பதா என்று யோசித்தே எனக்கு ஒரு நாள் போய்விடும். ஆகவே கடிதம்.

தங்கள் கல்வி அலுவலகத்துக்கு எங்கள் பள்ளியிலிருந்து ஒரு பழுப்பு நிற உறை வெள்ளிக்கிழமை புறப்பட்டது. புதன்கிழமை அதைப் பிரிப்பார்களாம். அதற்குள் தாங்கள் அதை எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் ஆர்த்திக்கு ஃபர்ஸ்ட் குரூப் இல்லை. பத்தாம் வகுப்பில் 462 வாங்கிய பெண், 'படிப்பில் சிறப்புக் கவனம் தேவைப்படுவோர்' என்ற பட்டியலில் மூன்றாவது பெயராக இருக்கிறாள். காரணம் நான். இன்னும் சரியாகச் சொன்னால், நான் எழுதிய மூன்று சொற்கள்.

சென்ற மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. தங்கள் மேசையைத் தாண்டித்தான் வந்திருக்கும். பிளஸ் டூவில் பிள்ளைகள் இப்போது ஆறு பாடம் படிக்கிறார்கள். ஆறு அதிகமா, ஐந்து போதுமா, நான்கே மிகையா என்று ஒரு குழு ஆராய்கிறதாம். ஒவ்வொரு பள்ளியும் பெற்றோரைக் கேட்டு எழுத வேண்டுமாம். இரண்டு பக்கம், பொடி எழுத்து, முழுக்க ஆங்கிலம். தலைமையாசிரியர் சுகுமார் சார் அதை மூன்று நாள் மின்விசிறிக்கு அடியில் வைத்திருந்தார், பறந்து போனால் நல்லது என்பதுபோல. பறக்கவில்லை. நான்காம் நாள் என்னைக் கூப்பிட்டார்.

"தமிழ்மணி, நீங்கதான் எம்.ஃபில். இத்த நம்ம ஜனங்களுக்குப் புரியற மாதிரி சுருக்கமா எழுதிக் கொண்டாங்க. அரைத் தாள்தான். மிஷின்ல இங்க் இல்ல."

சுருக்கமா. அந்தச் சொல்தான் என்னைக் கெடுத்தது.

தாங்கள் அறிவீர்கள், நான் அந்தப் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகம் வைத்த தற்காலிகத் தமிழாசிரியன். ஆனால் பல்கலைக்கழகத்தில் நான் கற்றது தற்காலிகமானதல்ல. தேவையில்லாத சொல்லை வெட்டு. அவ்வளவுதான் கற்றேன். முதலில் முப்பத்தோரு சொற்களில் ஒரு வாக்கியம் எழுதினேன். 'மேல்நிலைப் பொதுத்தேர்வில் மாணவர்கள் தற்போது பயிலும் ஆறு பாடங்களின் எண்ணிக்கையைக் குறைப்பது குறித்து' என்று போய்க்கொண்டே இருந்தது. படித்தேன். கூசியது. 'குறைப்பது' என்பதை முதலில் அடித்தேன். பிறகு 'பயிலும்'. பிறகு மாணவர்களையே அடித்தேன். அவர்கள் இல்லாமலும் பொருள் விளங்கியது. ஒரு பகல் முழுக்க வெட்டினேன். கடைசியில் தாளில் மிஞ்சியது இது.

எத்தனை பாடம் எடுக்கலாம்?

கீழே, எந்தப் பாடம்? அதற்கும் கீழே ஒரு கோடு, பெற்றோர் கையொப்பம்.

சுற்றிலும் வெள்ளை. மாமா, அந்தத் தாளை நான் தூரத்தில் பிடித்துப் பார்த்தேன். அழகாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை சைக்கிள் கொட்டகையில், பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளின் பெற்றோர் கூட்டம். எழுபத்துமூன்று பெற்றோர் வந்தார்கள், ஒருவர் தவறுதலாக வந்தவர், ரேஷன் கடை என்று நினைத்து நின்றவர், அவருக்கும் தாள் கொடுத்தோம், பிள்ளைகள் பெஞ்சு தூக்கிப் போட்டார்கள், மோர் ஊற்றினார்கள், பெற்றோருக்குப் பேனா இரவல் தந்தார்கள், சுகுமார் சார் முக்கால் மணி நேரம் பேசினார், கல்வி ஒரு கடல் என்றார், மரக்காணம் பக்கத்து மீனவர்கள் அதில் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், பிறகு பாடம் எடுப்பது பற்றி அரசு உங்களைக் கேட்கிறது, உங்கள் மனசில் பட்டதை எழுதுங்கள், யாரும் யாரையும் பார்த்து எழுதக் கூடாது என்று பரீட்சை போலச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார், உடனே எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்பா ஆர்த்தியின் பேனாவை வாங்கி 'ஒன்று' என்று எழுத்தால் எழுதினார். எந்தப் பாடம் என்ற இடத்தில் பேனா கொஞ்ச நேரம் நின்றது. பக்கத்தில் நின்ற என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு கோடு இழுத்து, மடித்துக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் எண்ணினோம். 'ஒன்று' என்று எழுதியவர்கள் நாற்பத்தொருவர். 'ஆறு' பதினேழு. 'ஒன்றும் எடுக்கக் கூடாது' என்று பதினொருவர். மற்ற நால்வர் வேறு ஏதேதோ. ஒரு லாரி டிரைவர் மட்டும் வாக்கியமாக எழுதியிருந்தார்: 'வாத்தியாருங்க மொதல்ல ஒண்ண ஒழுங்கா எடுக்கட்டும்.' சார் அதை 'ஒன்று' என்ற கணக்கில்தான் சேர்த்தார்.

சாருக்கு முகம் சுருங்கியது. பிள்ளைகள் ஒரே ஒரு பாடம் படித்தால் போதும் என்று நாற்பத்தொரு பேர் சொல்கிறார்கள். படிப்பே வேண்டாம் என்று பதினொரு பேர். முப்பது வருஷ சர்வீஸ் என்றார், மோரை வேறு ஊற்றினோம் என்றார். பிறகு அவருக்குள் ஒரு வேகம் வந்தது. இந்தத் தாள்களை வைத்தே பிளஸ் ஒன் சேர்க்கையும் முடித்துவிடலாம், இரட்டை வேலை எதற்கு, விருப்பம் உள்ளவனுக்குத்தான் வாய்ப்பு என்றார். எங்கள் பள்ளியில் ஆய்வகம் சின்னது. இயற்பியல், வேதியியல், உயிரியல், கணக்கு நான்கும் சேர்ந்த ஃபர்ஸ்ட் குரூப்புக்குப் பதினெட்டு இடம்தான். 'ஆறு' எழுதிய பதினேழு வீட்டுப் பிள்ளைகளும் நேராக அதற்குள் போனார்கள். 'ஒன்று' எழுதிய வீட்டுப் பிள்ளைகள் சிறப்புக் கவனப் பட்டியல். அங்கே மூன்றாவது பெயர் ஆர்த்தி, தந்தை பெயர் துரைக்கண்ணு. நானே என் கையெழுத்தில் எழுதினேன்.  

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அப்பாவும் அம்மாவும் ஆர்த்தியும் களத்தில் உட்கார்ந்து மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். செடியிலிருந்து கடலைக் காயைப் பிய்த்துப் பிய்த்துக் குவிக்கிற வேலை. நான் நின்றபடியே அப்பாவைக் கேட்டேன், எப்படி மனசு வந்தது ஒன்று என்று எழுத.

"ஒண்ணு போதும்டா. அதுக்கு மேல கேட்டா பேராசை."

"ஒரே ஒரு பாடத்த வெச்சிக்கினு அவ இன்னாப்பா பண்ணுவா?"

"எது ஒரு பாடம்? ஆறுல ஒண்ண எடுத்துட்டா அஞ்சு நிக்குது இல்ல. எம்.ஏ. படிச்சிக்கிற, இது கூடவா தெரியல?"

நான் அப்படியே செடிக் குவியலின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மா தலையை நிமிர்த்தாமல் சொன்னார்கள். "அரிசில கல்லு எடுக்கறோம். கால்ல முள்ளு எடுக்கறோம். எடுக்கறதுன்னா அதான். உனக்குத் தெரியலன்னா எங்களக் கேட்டிருக்கலாம் இல்ல."

எடு. இரண்டு எழுத்து. மாணவன் பாடத்தை எடுத்தால் சேர்த்துக்கொள்கிறான். வாத்தியார் எடுத்தால் நடத்துகிறார். அப்பா எடுத்தால் பிடுங்கிப் போடுகிறார். மூன்றும் தமிழ். மூன்றும் சரி. நாற்பது பேர் ஐந்து பாடம் வேண்டும் என்று சொன்னதை நாங்கள் ஒன்று என்று எண்ணியிருக்கிறோம்.

எந்தப் பாடத்தை எடுக்கச் சொல்கிறாய் என்று அப்பாவைக் கேட்டேன். அதெல்லாம் ஆகட்டும், அப்புறம் பார்த்துக்கலாம் என்று மாட்டைப் பார்க்க எழுந்து போய்விட்டார். ஆர்த்தி காய்களைக் குவித்துக்கொண்டிருந்தாள்.

அவர் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். கணக்கு. மாசி மாதம் ஒருநாள் நான் கொல்லைப் பக்கம் போனபோது ஆர்த்தி ஒரு நோட்டை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மூடிவிட்டாள். பிள்ளைகளை அழ வைக்கிற பாடம் வேறு எது? பரீட்சையில் கணக்கில் 98 வாங்கினாள். எந்த அளவுக்குப் பயந்திருந்தால் 98 வாங்கியிருப்பாள் என்று நினைத்துப் பாருங்கள். ஆங்கிலம், அறிவியல், சமூக அறிவியல் எல்லாம் இதே மாதிரிதான். தமிழில் மட்டும் 71. அங்கே அவளுக்குப் பயமில்லை. பத்தாம் வகுப்புக்கும் தமிழ் எடுப்பவன் நான்தானே. நாளைக்கு ஐந்து பாடம் என்று உத்தரவு வந்துவிட்டால் ஃபர்ஸ்ட் குரூப்பிலேயே கணக்கை மட்டும் விட்டுவிடலாம் என்று எனக்கு ஒரு எண்ணம். அதை அவளிடம் சொன்னேன். தலையாட்டினாள். நல்ல பெண்.

வியாழக்கிழமை காலை நான் சாரிடம் உண்மையைச் சொல்ல ஓடினேன். என்னைப் பேச விடவில்லை. ஒன்றும் வேண்டாம் என்று எழுதிய பதினொரு வீட்டிலும் படிப்பை நிறுத்தப் போகிறார்கள், உடனே போய்ப் பேசித் தடுங்கள் என்று என்னையும் அறிவியல் ஆசிரியையையும் அனுப்பினார். முதல் வீடே காந்திமதி அக்கா வீடு. மரக்காணம் சாலையில் இட்லிக் கடை. அவர் மகள் புனிதா 488, பள்ளியிலேயே முதல். அறிவியல் ஆசிரியை வழி முழுக்க மனப்பாடம் செய்து வந்ததை ஆரம்பித்தார், ஒரு பெண் படித்தால் ஒரு குடும்பமே படித்த மாதிரி, கொஞ்சம் யோசியுங்கள் அம்மா, நிறுத்திவிடாதீர்கள்.

காந்திமதி அக்கா தோசையைத் திருப்பாமல் எங்களைப் பார்த்தார்.

"யாரு நிறுத்தறது? நானா? இந்த அடுப்புகிட்ட நின்னு நின்னு காலு வீங்கிக் கெடக்குது, அது எதுக்குன்னு நெனச்சிக்கினு கீறீங்க? ஒண்ணும் எடுக்கக் கூடாதுன்னு எழுதினேன். ஆறும் ஆறாத்தான் இருக்கணும். எம் பொண்ணு பாடத்துல எவனாச்சும் கைய வெச்சிப் பாருங்க."

கையில் தோசைக் கரண்டி இருந்தது. அறிவியல் ஆசிரியை வண்டிக்குப் போய்விட்டார். நான் நின்று விளக்கினேன், அக்கா, இது என் தமிழால் வந்தது என்று. கருகின தோசையை ஒரு இலையில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு அடுப்பை அணைத்தார். கரண்டியோடு பள்ளிக்கு வந்தார். பத்து நிமிஷத்தில் சார் ஃபர்ஸ்ட் குரூப் பட்டியலில் புனிதாவின் பெயரைத் தன் கையால் முதலாவதாக எழுதினார். அதோடு பதினெட்டு நிறைந்தது.

அப்போதுதான் சாருக்கே விஷயம் விளங்கியது. விளங்கியபின் அவர் செய்தது என்ன தெரியுமா? கதவைச் சாத்திவிட்டுத் தண்ணீர் குடித்தார். ஏனென்றால் அன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் 'ஆறு' எழுதிய பெற்றோரில் ஒருவரைக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தியிருந்தார். அவர் பெயர் சேட்டு. மரக்காணம் பக்கம் கடல் தொழில். ஒரு மீனவர் தம் மகன் ஆறு பாடமும் எடுக்க வேண்டும் என்கிறார், நிலம் வைத்திருப்பவர்கள் வெட்கப்பட வேண்டும் என்று சார் மைக்கில் பேசியிருந்தார். நிலம் வைத்திருக்கிற நாங்களும் வெட்கப்பட்டிருந்தோம்.

நான் மத்தியானம் சேட்டுவைத் தேடிக்கொண்டு போனேன். கரையில் உட்கார்ந்து வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். பொன்னாடை படகின் மேல் காய்ந்தது.

"எதுக்குப் போத்தினாங்கன்னே தெரியல சார். கூப்ட்டாங்க, போனேன், போத்தினாங்க, வாங்கிக்கினேன். ஆறையும் எடுத்துடுங்கன்னுதான் எழுதிக் குடுத்தேன். பையன் மூட்டையாட்டம் பொஸ்தகத்தத் தூக்கிக்கினு போறான், தூக்கிக்கினு வர்றான். நடுவுல இன்னா நடக்குதுன்னு எனக்கும் தெரியல, அவங்கம்மாவுக்கும் தெரியல. ஆறையும் எடுத்துட்டா கடலுக்காவது வருவான்."

அவர் மகன் ரஞ்சித்துக்குக் கிடைத்திருப்பதுதான் பதினெட்டாவது இடம். எல்லாப் பாடத்தையும் பிடுங்கிப் போடச் சொன்ன வீட்டுப் பையன் உள்ளே. ஒன்றே ஒன்றை விடச் சொன்ன வீட்டுப் பெண் வெளியே. மதிப்பெண்ணில் இருவருக்கும் நூறுக்கு மேல் வித்தியாசம்.

திரும்பி வந்து சாரிடம் மன்றாடினேன். பட்டியலைத் திருத்துங்கள், கருத்துக் கணக்கையும் திருத்தி அனுப்புவோம் என்றேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு மெதுவாகக் கேட்டார்.

"ஆர்த்திய உள்ள வெக்கணும்னா ஒருத்தன வெளிய எடுக்கணும். யார எடுக்கறது? சேட்டு பையனையா? நான் பொன்னாடை போத்திட்டேன் தமிழ்மணி. போத்தினத எடுக்க முடியுமா?"

 அந்தச் சொல் அவர் வாயிலும் புகுந்துவிட்டதே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனாலும் மனிதர் நல்லவர். எனக்காக ஒரு முயற்சி செய்தார். 'எடுக்கலாம்' என்பதை மாற்றி 'எத்தனை பாடம் படிக்கலாம்?' என்று ஒரு தாளில் எழுதி, வராந்தாவில் நின்ற ஒரு பெரியவரிடம் காட்டினார். அவர் படித்துப் பார்த்துவிட்டு, எத்தினி வேணா படிக்கலாம் சார், யாரு வேணாங்கறது, பாஸ் ஆவணும் இல்ல என்றார். சார் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை காலை உறையை ஒட்டினார். உள்ளே கருத்துக் கணக்கு, சேர்க்கைப் பட்டியல், தங்கள் அலுவலக ஒப்புதலுக்கு ஒரு விண்ணப்பம். விண்ணப்பத்தின் கடைசி வரி: 'படிவத்தை எளிய தமிழில் வடிவமைத்தவர் திரு. தமிழ்மணி, எம்.ஏ., எம்.ஃபில்.' அது தேவையில்லை என்று சொன்னேன். உழைச்சவன் பேரு வரணும் என்றார். அஞ்சலகத்துக்குச் சைக்கிளில் பின்னாலேயே போனேன். அதற்குள் தபால் பை திண்டிவனம் போய்விட்டது.

இந்த இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன் மாமா. எழுபத்துமூன்று பேரில் ஒருவர்கூடத் தப்பாகப் புரிந்துகொள்ளவில்லை. அவரவர் வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருளோ அதை எழுதினார்கள். ரேஷன் கடை என்று வந்தவர்கூட 'இரண்டு' என்று எழுதியிருந்தார். அவருக்கும் ஏதோ ஒரு நியாயம் இருந்திருக்கும். நான்தான் சொல்லை வெட்டுகிறேன் என்று மனிதர்களை வெட்டிவிட்டேன்.

ஆனால் ஒன்று. தங்களிடம் மறைப்பானேன். வெட்டுவது தப்பென்று இன்னும் எனக்குத் தோன்றவில்லை. ஆறு பாடம் எதற்கு? ஐந்து எதற்கு? உண்மையைச் சொன்னால், தப்பாக எண்ணி வந்த அந்த முடிவே எனக்குச் சரியென்று படுகிறது. ஒரு பாடம். ஆழமாக. அதைத் தமிழ் என்று வைத்துக்கொண்டால் மற்ற ஐந்தும் அதற்குள் அடங்கிவிடும். இதை ஆர்த்தியிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன். மறுத்து ஒரு வார்த்தை பேசமாட்டாள்.

ஆகவே தாங்கள் செய்ய வேண்டியது. திங்களோ செவ்வாயோ தபால் வரும். பழுப்பு உறை. இடது மூலையில் எங்கள் பள்ளி முத்திரை, பாதிதான் விழுந்திருக்கும். அதை எடுத்துவிடுங்கள். எடுத்துவிடுங்கள் என்றால் பிரித்து மேசைமேல் எடுத்து வைப்பதல்ல, மேலதிகாரியிடம் எடுத்துச் செல்வதுமல்ல. அப்புறப்படுத்துங்கள். தங்கள் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுங்கள். உறை வந்து சேரவில்லை என்றால் சார் மறுபடி பட்டியல் போட்டே ஆக வேண்டும். அந்தப் பட்டியலில் மதிப்பெண்தான் பேசும் என்று நான் பார்த்துக்கொள்கிறேன். ரஞ்சித் கடலுக்குப் போவான், சேட்டு விரும்பியதும் அதுதான். ஒரு பெண்ணின் எதிர்காலம் தங்கள் கைப்பையில் இருக்கிறது. தங்கள் முப்பத்திரண்டு வருஷ நேர்மைக்கு இது ஒரு சிறு விடுப்பு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நாளைக் காலை அப்பாவும் ஆர்த்தியும் திண்டிவனம் போகிறார்களாம், ஏதோ ஜெராக்ஸ் வேலையாம். அவள் கையில் இதைக் கொடுத்து, அங்கிருந்து விழுப்புரம் பஸ்ஸில் தங்களுக்குத் தெரிந்த கண்டக்டர் வசம் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். மாலைக்குள் கையில் இருக்கும்.

அத்தையின் முழங்கால் வலிக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். அத்தைக்கும் சொல்லவும். தாங்கள் ஆசி கூற வேண்டுகிறேன். இந்த முறை கட்டைவிரலாக இல்லாமல் சொல்லாக.

என்றும் தங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட மருமகன்,
து. தமிழ்மணி.

பி.கு.: மாமா, இதிலிருந்து எழுதுவது ஆர்த்தி. அண்ணன் உறையை ஒட்டாமல் கொடுத்துவிட்டான். ஒட்டாத கடிதத்தைப் படித்தால் தப்பில்லை என்று அப்பா சொன்னார். பஸ்ஸில் அவருக்குப் படித்துக் காட்டினேன். பொன்னாடை வருகிற இடத்தில் முன் சீட்டுக்காரரும் சிரித்தார்.

அந்த உறையைத் தயவுசெய்து எடுக்காதீர்கள். எந்த அர்த்தத்திலும். எடுத்தால் ரஞ்சித்துக்கு இடம் போய்விடும். ஆறையும் எடுக்கச் சொன்னது அவன் அப்பா, அவன் இல்லை. அவனுக்கு உயிரியல் என்றால் உயிர். மீனின் செவுளைப் பிரித்து டிபன் பாக்ஸில் கொண்டுவந்து எல்லோருக்கும் விளக்குவான், அந்த நாற்றத்திலும் நாங்கள் கேட்போம். மதிப்பெண்தான் குறைவு. அவன் அப்பா எழுதியதைச் சரியாகப் படித்திருந்தால் அவனுக்கு இந்த இடம் கிடைத்தே இருக்காது.

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். சற்று முன் திண்டிவனத்தில் வேறு பள்ளியில் சேர்ந்துவிட்டேன். வெள்ளிக்கிழமையே டி.சி. வாங்கியாயிற்று. அண்ணனிடம் சொல்ல வேண்டாம் என்று அப்பா கேட்டுக்கொண்டார், சுகுமார் சாரும் சரி என்றார். அவருக்கு ஒரு தலைவலி குறைந்தது. ஃபர்ஸ்ட் குரூப்தான். கணக்கு இருக்கிறது. எனக்குக் கணக்கு பிடிக்கும்.

மாசி மாதம் நான் அழுதது கணக்கு நோட்டைப் பார்த்து இல்லை. தமிழ் நோட்டு. ஐந்து மார்க் கேள்விக்கு ஒரு பக்கம் விடை எழுதியிருந்தேன். அண்ணன் அதை அடித்து அடித்து ஒரே சொல்லாக்கி, 'இப்போதுதான் இது விடை' என்று எழுதி, ஒரு மார்க் போட்டிருந்தான். அப்பா எடுக்கச் சொன்ன அந்த ஒன்று எது என்று தங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். கோடு இழுத்ததற்குக் காரணம், அண்ணன் பக்கத்தில் நின்றான்.

இந்தப் பள்ளியில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு இருக்கிறது. எடுத்துக்கொண்டேன். மொத்தம் ஆறுதான் வருகிறது.

சேர்க்கைப் படிவத்தில் அப்பா கையெழுத்துப் போட்ட பிறகு, அதற்குக் கீழே இன்னொரு இடம் காலியாக இருந்தது. மாணவர் கையொப்பம். அதையும் அப்பாவிடமே நீட்டினேன். யாரம்மா போடுவா, நீதான் போடணும் என்று அந்தக் கிளார்க் திட்டினார். கூட்டத்தன்று பிள்ளைகள் நாங்கள் எழுபத்திரண்டு பேர் இருந்தோம் மாமா. பெஞ்சு தூக்கிப் போட்டோம்.

அண்ணனிடம் தாங்கள் சொல்ல வேண்டாம். நானே சொல்லிக்கொள்கிறேன். அவனுக்குப் பிடித்த மாதிரி, சுருக்கமாக.